சிவப்பு ஒயரும் கொடிக்கம்பியும்

எழுபதுகளில் போர்ட் பிளேரில் ரேடியோ ரிப்பேர் கடையும் ஒரு மைக்செட்டும் வைத்திருந்தேன். கோயில் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, இந்த வருஷம் என் மைக்செட் வேண்டாம் என்று கமிட்டித் தலைவர் சொல்லி அனுப்பினார். அவர் பத்துபஸ்தியில் இருந்த மரக் காண்டிராக்டர். திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. வருஷத்தில் எனக்கு அந்த ஒன்றுதான் பெரிய வேலை. பதறிப்போய் அவர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

"ஒன் மேல கோவம் இல்லடே," என்றார். "ஒன் ஒயருதான் சரியில்ல. பாடுறவளுக்குச் சளி பிடிச்ச மாதிரி கேக்கு."

விஷயம் எனக்குப் புரிந்தது. கப்பல்காரர் ஒருவரிடம் அவர் விரல் தடிமனில் ஒரு ஜப்பான் ஒயர் வாங்கியிருந்தார். செக்கச்செவேலென்று இருக்கும். போன வாரம் அதை அவருடைய ரேடியோகிராமுக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் மாட்டிக் கொடுத்தவனே நான்தான். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லோரையும் உட்காரவைத்து ரெக்கார்ட் போட்டார்.

"ஏக்தம் சாஃப். அம்புட்டுத் துல்லியம். அவ மூச்சு வாங்குறதுகூடக் கேக்குல்லா?"

கேட்கிறது என்று சொன்னால்தான் டீ வரும்.

இப்போது அதே மாதிரி ஒயரோடு மெயின்லேண்டிலிருந்து வேறு ஆளை வரவழைக்கப் போகிறாராம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, கண்ணைக் கட்டிக்கிட்டு கேளுங்க. நான் ஒயரை மாத்தி மாத்தி மாட்டுறேன். உங்க ஒயர் எதுன்னு சரியா சொல்லிட்டா, நான் மைக்செட்டையே வித்துடுறேன்."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஒருவேளை நிஜமாகவே வித்தியாசம் இருந்துவிட்டால்?

அவர் மனைவியை நான் மதினி என்பேன். மதினிதான் துண்டால் அவர் கண்ணைக் கட்டினார். முதலில் சிவப்பு ஒயரையே விட்டுவைத்து வீணை ரெக்கார்டைப் போட்டேன்.

"இது ஒன் ஒயரு. தகர டப்பா," என்றார்.

செட்டை ஆஃப் செய்து என் சாதா ஒயரை மாட்டினேன்.

"இதுவும் ஒன் ஒயருதான். என்னைய ஏமாத்தப் பாக்கியாடே?"

அப்போது மதினி என்னைக் கொல்லைக்கு ஜாடை காட்டிக் கூப்பிட்டார். துணி காயப்போடும் இரண்டு கொடிக்கம்பிகளையும் அவிழ்த்துக் கையில் கொடுத்தார்.

"இத மாட்டுங்க தம்பி. ஒரு வாரமா இவுக என்னைய வாயத் தொறக்க விடல. கேளு, கேளுங்காக."

மாட்டினேன். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். தொடையில் தாளம் போட்டார்.

"இதாம்டே நம்ம ஒயரு. பக்கா. வீணைக் கம்பி அதிருறது தெரியுது பாரு."

மதினி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அண்ணாச்சி துண்டை அவிழ்த்தார். ஸ்பீக்கரிலிருந்து கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தவரின் கண், அவசரத்தில் உருவாமல் விட்டு நடுவில் தொங்கிய அவருடைய ஈரப் பனியனில் நின்றது. பனியனை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"டீக் ஹை," என்றார் கடைசியில். "இது என்ன தடிமன், என்ன கேஜ் கம்பி?"

காரணத்தைச் சொன்னேன். கடல் காற்றில், ஒயரை முடுக்கும் டெர்மினல் திருகுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சிவப்பு ஒயரை மாட்டிய அன்று உப்புத்தாள் போட்டு அதைத் தேய்த்தேன். சத்தம் தெளிந்தது அதனால்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும். திருவிழாவ நீயே பாத்துக்க. ஆனா இந்தக் கம்பியத்தான் இழுக்கணும்."

இழுத்தேன். அதில் கமிட்டிக்காரர்கள் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். பாட்டு பக்கத்திலேயே என் பழைய ஒயரில் போனது. அண்ணாச்சி ஹாரன் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று, "கம்பி என்னமா வேல செய்யுது பாத்தியாடே," என்றார். ஆமாம் அண்ணாச்சி என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சத்தம் கெட்டால் முதலில் திருகைத் தேயுங்கள், ஒயர் அப்புறம். காதை ரொம்ப நம்பாதீர்கள், சொந்தக் காதையும் சேர்த்துத்தான். அன்றைக்கு அந்தக் கொடிக்கம்பியில் வீணை எனக்கும் கொஞ்சம் நன்றாகத்தான் கேட்டது.