சர்பத் பாட்டிலில் ஓர் ஆதாரம்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன் – நான் ஒரு மடையன். இல்லாவிட்டால், காலி நன்னாரி சர்பத் பாட்டிலில் போர்வெல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, நாட்டையே காப்பாற்றப் போகிறவன் மாதிரி டவுன் பஸ்ஸில் கடலூர் கோர்ட்டுக்குப் போவேனா?

தண்ணீர் எனக்குத் தெரிந்த வசந்தா என்பவர் வீட்டுடையது. தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். ஒரு தொழிற்சாலை கழிவை வாய்க்காலில் திறந்துவிட, அவர் போர்வெல் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. வீட்டுக்கு வேறு தண்ணீர் கிடையாது. மகளுக்குக் கையெல்லாம் அரிப்பு. புகார் கொடுத்தால் அதிகாரிகள் வருவார்கள். வருகிற அன்றைக்கு மட்டும் வாய்க்கால் சமர்த்தாக இருக்கும்!

கோர்ட் வாசலில் என் மச்சான். வக்கீல். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"என்னா மாமா, சர்பத்தா?"

"ஆதாரம்டா!"

"எத்தினி மணிக்குப் புடிச்சீங்க? கூட யாரு இருந்தா? யாரு சீல் வச்சா?"

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தான்.

"லேபிள் வேற கிழிக்கல. எதிர் வக்கீலு, ஐஸ் போட்டுக் குடுங்கம்பாரு!"

சிரித்து முடித்துவிட்டு செல்போனை எடுத்தான். மூன்று போன் கால்.

தெற்கே ஒரு துறைமுக ஊர் வக்கீல் – இதே மாதிரி வழக்கு நடத்தியவர் – "முதல்ல ஒரு நோட்டு போடச் சொல்லுங்க" என்றார். தேதி, நேரம், தண்ணீரின் நிறம், பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து. சிதம்பரத்து வக்கீல், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, தொழிற்சாலைக்குக் கொடுத்த அனுமதியின் நகலை வாங்கினார். ஒரு சொட்டுக் கழிவும் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதிலேயே இருந்தது! சென்னை வக்கீல், தேவைப்பட்டால் ஹைகோர்ட்டில் நிற்பதாகச் சொன்னார்.

இது என்ன சங்கமா? போர்டு இல்லை, பொதுக்குழு இல்லை. ஆளுக்கு ஆள் நம்பர் தெரியும்... அவ்வளவுதான். சட்டம் பீரோவில் இருக்கிறது. பீரோ எங்கே, சாவி எங்கே என்று ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

மகளின் பழைய கணக்கு நோட்டில் வசந்தா இரண்டு மாதம் எழுதினார். மச்சான் புரட்டிப் பார்த்தான். கழிவு வந்த நாளெல்லாம் ஞாயிறு, இல்லாவிட்டால் அரசாங்க விடுமுறை!

"ஞாயித்துக்கெழம வாங்க" என்று நோட்டின் நகலோடு மனு போனது. போன ஞாயிறு அதிகாரிகள் வந்தார்கள். வாய்க்கால் நுரைத்துக்கொண்டிருந்தது. வசந்தா முன்னாலேயே கேனில் பிடித்து சீல் வைத்தார்கள். "இப்படி எழுத்துல கேட்டாதான் சார் எங்களுக்கும் தெம்பு" என்றார் ஒருவர், மெதுவாக.

தொழிற்சாலையின் கழிவுக் குழாயை அடைத்தாயிற்று. ஊருக்குத் தண்ணி லாரி வருகிறது. போர்வெல் இன்னும் டீதான். வழக்கு நடக்கும்.

இவ்வளவையும் எழுதி, பெருமையாக வசந்தாவுக்கு போனில் படித்துக் காட்டினேன்.

"எப்டிம்மா இருக்கு?"

"தேதி போடலியே சார்."