சுவரில் ஆறு விக்கெட்

சித்தப்பாவின் வேலை பாதியாகிப்போன வருஷத்தில்தான் எங்கள் வீட்டுச் சுவரில் ஸ்கோர் ஏறத் தொடங்கியது. ஏற்றியவள் நான். அடுப்புக்கரி என் கையில், ரன்கள் சித்தப்பாவின் வாயில். தெருவைப் பார்த்த மண்சுவர் அது. முந்தின பொங்கலுக்கு அடித்த வெள்ளை அதில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

வானம் பார்த்த பூமி எங்களுடையது. அந்த ஐப்பசியில் மழை ஊர் எல்லை வரை வந்து, என்ன நினைத்ததோ, கடல் பக்கம் திரும்பிவிட்டது. கதிர் பிடிக்க வேண்டிய நெல் முழங்கால் உயரத்திலேயே நின்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அய்யா தினமும் போய் அதைப் பார்ப்பார். திரும்பி வந்து, பார்த்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட உட்காருவார். வீட்டில் அடுப்பு எரிந்ததென்றால் அவருடைய தம்பியின் மில் சம்பளத்தில்தான் எரிந்தது.

இராமநாதபுரத்துக்கு வெளியே இருந்த நூல் மில் அது. பஞ்சு வரத்து நின்றுபோனதால் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை, ‘லே-ஆஃப்’ என்றார்கள். லே-ஆஃப் ஆனவர்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சர்க்காரில் சட்டம் இருந்தது. சட்டத்துக்கு இரண்டு வால் இருந்தன. தினமும் காலையில் மில் சங்கு ஊதும் நேரத்துக்குக் கேட்டில் நிற்க வேண்டும். வேலை உண்டா என்று கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டும். இது முதல் வால். வேறு எங்கேயும் வேலையில் இருக்கக் கூடாது என்பது அடுத்தது. இருப்பது தெரிந்தால் பாதிச் சம்பளமும் நிற்கும், பெயரையும் வெட்டிவிடுவார்கள். மறுபடி பஞ்சு வந்து மில் ஓடினாலும் அந்த ஆளுக்கு உள்ளே இடமில்லை.

ஆகவே, வேலை இருந்தபோது போனதை விடவும் ஒழுங்காக, வேலை இல்லாதபோது சித்தப்பா மில்லுக்குப் போனார். உச்சிப்புளியைத் தாண்டி, ரயில் ரோட்டை ஒட்டி, எதிர்க்காற்றில் முகத்தை முட்டிக்கொண்டு, சங்கு ஊதுவதற்குள் அங்கே நிற்க வேண்டும்.

“இல்லைங்கிற ஒத்த வார்த்தையக் கேக்கவாடா இம்புட்டுத் தூரம் மிதிக்கிற?” என்று அய்யா ஒருநாள் கேட்டார்.

“அத அவங்க வாயால கேட்டாத்தாண்ணே நமக்குச் சோறு” என்றார் சித்தப்பா.

கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு முழு நாள் மிஞ்சும். இருபத்து நாலு வயசு ஆளுக்கு ஒரு முழு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த நாளைக் கொண்டுபோய்ப் புதுமடத்தில் கொட்டிவிடுவார். அங்கே, கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு மரைக்காயர் வீட்டில் பேட்டரியில் ஓடும் ரேடியோ இருந்தது. டெஸ்ட் மாட்ச் நடக்கும் நாட்களில் அந்த வீட்டு முன்கூடம் பாய்கூட விரிக்க இடமில்லாமல் நிறைந்துவிடும். வலை இழுத்த ஈரம் காயாத கால்கள், தொப்பி போட்ட தலைகள், என்னைப் போல் சட்டைப் பாவாடைப் பொடிசுகள். பேட்டரி இறங்கினால் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி இராமநாதபுரம் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிவருவது சித்தப்பாவின் பொறுப்பு. அதற்குக் கூலி, ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்காரும் உரிமை.

ரேடியோ இங்கிலீஷில் பேசும். சித்தப்பா அதைத் தமிழில் சொல்வார். பந்து வேலி தாண்டியது, பந்து கையில் விழுந்து நழுவியது, அம்பயர் யோசிக்கிறார், வெயில் சாய்கிறது. அரைப் பரீட்சை லீவில் சைக்கிள் பாரில் உட்கார்ந்து நானும் போய்க் கேட்டிருக்கிறேன். சித்தப்பா பத்தாவதைத் தாண்டாதவர் என்பதும், எண்களும் ஆட்களின் பெயர்களும் மட்டுமே அவருக்குப் பிடிபட்டிருக்கும் என்பதும், வெயிலையும் அம்பயரின் யோசனையையும் அவரே இட்டு நிரப்பினார் என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஆனால் அந்தக் கூடத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை. மரைக்காயர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “நம்ம தம்பி சொல்றப்பத்தான் மைதானம் தெரியிது” என்பார்.

பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி பேசினார்கள். எங்கள் சுவரில் ஸ்கோர் படிக்க வருகிற அதே பிள்ளைகள்தான். “ஓங்க சித்தப்பா தண்டச்சோறாமுல்ல” என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு ஒன்பது வயது. பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் கொஞ்ச நாளில் அச்சடித்தே கையில் கொடுத்தார்கள்.

சித்தப்பா நல்ல கோல்கீப்பர். மில் அணிக்கு நின்றவர். கார்த்திகைக் கடைசியில் புதுமடத்து மணலில் ஒரு ஃபுட்பால் போட்டி வைத்தார்கள். மரைக்காயர்தான் கமிட்டித் தலைவர். கம்பெனி அணிகளில் அந்தந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் மட்டுமே ஆடலாம் என்பது விதி. ஆள் குறைந்தால் வெளியாளைப் பிடித்து, ஒரு வேலையைச் சூட்டி, பட்டியலில் சேர்த்துவிடுவது வழக்கம். தச்சர் ஒருத்தர் ஐஸ் கம்பெனி ஃபிட்டராக ஆடியிருக்கிறார். ஆடுமேய்க்கிற பையன் ஒருத்தன் மூன்று வருஷம் தபால்காரனாக இருந்தான், பந்து விளையாடும்போது மட்டும். எல்லாருக்கும் தெரியும். யாரும் பொய் என்று நினைத்ததில்லை.

உப்புக் கம்பெனி ஒன்றின் கோல்கீப்பருக்குக் கை ஒடிந்துபோனது. சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். இளஞ்சிவப்புக் காகிதத்தில் நோட்டீஸ் வந்தது. அதில் சித்தப்பாவின் பெயர், அதன் பக்கத்தில் ‘எடை குமாஸ்தா’. எங்கள் வம்சத்தில் அச்சில் ஏறிய முதல் பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தேன், பிறகு கூட்டாமல் படித்தேன், பிறகு பார்க்காமலே சொன்னேன். என் பாடப்புத்தகத்துக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். தண்டச்சோறு என்றவள் அன்று வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கடைசி ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, பொம்பளப்பிள்ளை போகக் கூடாது என்றுவிட்டார்கள். உப்புக் கம்பெனி கேடயம் வாங்கியது. சித்தப்பா கழுத்தில் புதுத் துண்டோடும், முழங்கால் இரண்டிலும் சிராய்ப்போடும் வந்தார். ஆத்தா மஞ்சளை அரைத்துக்கொண்டு வந்து, அரைச் சம்பளத்துக்கு இது வேறா என்று முனகிக்கொண்டே பத்துப் போட்டாள்.

அதற்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒரு டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. நடுவில் பேட்டரி இறங்கிவிட்டது. சார்ஜுக்குக் கொடுத்ததால் முந்தின நாள் ஆட்டம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சுவரில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. எனக்கு அது பல் விழுந்த இடத்தை நாக்கு தொட்டுக்கொண்டே இருப்பது போல் இருந்தது. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சார்ஜ் ஏறும் வரை இருந்து, பேட்டரியோடு சாயந்தரம் வருவதாகச் சொல்லிப் போயிருந்தார் சித்தப்பா. அய்யாவும் ஆத்தாவும் மணி பிடிக்காமல் சாவியாகிப்போன அந்த நெல்லை மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுக்கப் போயிருந்தார்கள்.

ஒரு மனிதர் சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சட்டை, தோல்பை. தண்ணீர் கேட்டார். செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார்.

“யாரு பாப்பா இதெல்லாம் எழுதுனது?”

நான்தான் என்றேன். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொடாமல் தொட்டுப் படித்தார். எல்லாம் சரியாக இருக்கிறதே, நேற்றுள்ளது எங்கே என்று கேட்டார். அவருக்குக் கிரிக்கெட் தெரியும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. மில்லில் ஆள் கணக்கு எழுதும் டைம் ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னார். லே-ஆஃபில் இருக்கும் ஆட்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் விசாரித்துவருகிறாராம். நல்ல முகம். இன்றைக்கும் அந்த முகத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

“சித்தப்பா இப்ப சும்மாதான் இருக்காரா?”

சும்மா. அந்தச் சொல்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வாயால் கேட்டது போலிருந்தது. உள்ளே ஓடி நோட்டீஸை எடுத்து வந்தேன்.

“எங்க சித்தப்பா ஒண்ணும் சும்மா இல்ல. எடை குமாஸ்தா. இந்தா, அச்சுலயே போட்டிருக்கு பாருங்க.”

இரண்டு தடவை படித்தார். சைக்கிள் சீட்டில் வைத்து நீவிவிட்டு மூன்றாவது தடவை படித்தார். இதைத் தான் எடுத்துக்கொள்ளலாமா, ஆபீஸில் காட்ட வேண்டும் என்றார். இருப்பதே ஒன்றுதான், தரமாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. பையிலிருந்து அன்றைய பேப்பரை எடுத்துப் பிரித்து, நேற்றைய ஆட்டம் இருக்கும் பக்கத்தை மடித்து, படித்துச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

ஆறு விக்கெட் விழுந்திருந்தது. அவர் நிதானமாகச் சொன்னார், நான் எழுதினேன். நின்றவர் பெயர், விழுந்தவர் பெயர், எல்லாம். வெறுமையாக இருந்த இடம் நிரம்பிவிட்டது. நோட்டீஸைக் கொடுத்தேன். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்தரம் சித்தப்பாவின் குரல் தெருமுனையிலேயே கேட்டது. சைக்கிளை விட்டு இறங்காமலே கத்தினார். டீக்கடைப் பேப்பரில் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்.

“கரிய எடு தாயீ, எழுதிக்க. ஆறு விக்கெட்டு...”

அப்போதுதான் சுவரைப் பார்த்தார். நின்றார்.

“இது ஒனக்கு யாரு சொன்னா?”

மில்லிலிருந்து ஒரு மாமா வந்தார் என்றேன். நம்முடைய நோட்டீஸைக் கொண்டுபோயிருக்கிறார், ஆபீஸில் எல்லாருக்கும் காட்டுவார் என்றேன். சித்தப்பா பேட்டரியை அவிழ்க்காமல் கேரியர் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார். கண் ஸ்கோரிலேயே இருந்தது. நம் ஆட்கள் தோற்றுவிடுவார்களோ என்று கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். நேற்றுள்ளதுதானே, இன்றைக்கு நல்லா ஆடியிருப்பாங்க என்று சமாதானம் சொன்னேன்.

“ஆத்தாகிட்டச் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. நமக்குள்ள இருக்கட்டும்.”

மில்லில் ஏதோ பெரிய விருது கொடுக்கப்போகிறார்கள், வந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறார் போல. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். சந்தோஷமாக வாயைப் பொத்திக்கொண்டேன்.

நாலாம் நாள் பெயரை வெட்டிவிட்டார்கள். வேலை கிடைத்த பிறகும் மறைத்துப் பாதிச் சம்பளம் வாங்கினதாக எழுதிய தாள் ஒன்று கையில் வந்தது. அது பந்துக்காகப் போட்ட பெயர் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்தக் கம்பெனியிடம் எழுதி வாங்கி வா என்றார்கள். உப்புக் கம்பெனிக்குப் போனார். வேலை பார்க்காத ஆள் என்று எழுதிக் கொடுத்தால் கேடயத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், அது முதலாளியின் ரூமில் மாட்டியாகிவிட்டது என்றார்கள். சரி, எழுத முடியாதென்றால் அந்த எடை குமாஸ்தா வேலையையாவது கொடுங்கள் என்று அய்யாவே போய்க் கேட்டார். அப்படி ஒரு வேலையே அங்கே கிடையாதாம். அதை ஒரு தாளில் எழுதித் தரவும் மாட்டார்களாம்.

கடைசியாக மரைக்காயர். அய்யாவோடு நானும் போயிருந்தேன். ரேடியோ வாயை மூடிக்கொண்டு ஓரமாக இருந்தது. மரைக்காயர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தாடியைத் தடவினார்.

“ஊருக்கே தெரிஞ்ச விஷயந்தானே அண்ணாச்சி” என்றார். “ஆனா எழுத்துல கேட்டா நா என்னத்த எழுதுவேன்? அந்தப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டவனே நாந்தானே.”

மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு கூடைக் கருவாடு வந்தது. ஆத்தா திருப்பி அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள்.

மில்லில் கொண்டுபோய்க் கொடுத்தவன் யார் என்ற பேச்சு வீட்டில் ஓயவில்லை. வரப்புத் தகராறில் இருந்த பங்காளி வீட்டுக்காரர்தான் என்று அய்யா முடிவுகட்டி, அரிவாள் பேச்செல்லாம் பேசினார். சித்தப்பா மட்டும் அவர் இல்லை என்றார். பிறகு யார் என்றால் பேசமாட்டார். அய்யாவுக்கு அதில் தம்பி மேலும் கோபம். நானும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அங்கேயேதான் இருந்தேன். என் நோட்டீஸ் மில்லில் ஏதோ ஒரு சுவரில் ஒட்டியிருக்கும் என்றும், இவ்வளவு புகழ் வந்த பிறகும் வேலை போய்விட்டதே என்றும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தை பிறந்த மறுவாரம் சித்தப்பா உச்சிப்புளியில் ரயில் ஏறினார். மதுரை, பிறகு வடக்கே எங்கெங்கோ. வந்தது இரண்டு கடிதம், அய்யா செத்தபோது கொடுத்த ஒரு தந்திக்கு அவரே வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. பக்கத்து வீட்டில் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. சாவு வீடாயிற்றே என்று யாரோ போய் நிறுத்தச் சொன்னார்கள். “ஓடட்டும்” என்றார். ஆனால் ஸ்கோர் என்ன என்று கேட்கவில்லை.

அதெல்லாம் பின்னால். அவர் ரயில் ஏறுவதற்கு முன்பு, போகிக்கு முந்தின நாள், எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தது சித்தப்பாதான். விளையாத வருஷத்தில் எதற்கு வெள்ளை என்றார் அய்யா. சித்தப்பா கேட்கவில்லை. சுண்ணாம்பை நீற்றி, பனை நாரைத் தட்டிக் கட்டி, நனைத்து எடுத்து, நேராக அந்த ஆறு விக்கெட் இருந்த இடத்தில் போய்த்தான் முதலில் வைத்தார். கரி லேசில் மறையவில்லை. சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தது. அதன் மேலேயே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை இழுத்தார். அந்த இடத்தை மட்டும்.

மற்ற ஸ்கோரையாவது விட்டுவைக்கச் சொல்லி அவர் காலைக் கட்டிக்கொண்டேன். சுண்ணாம்புக் கையால் என்னைத் தொடாமல், முழங்கையால் மெள்ள விலக்கினார். நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். ஆத்தா வந்து என்னவென்று கேட்டாள்.

“ஸ்கோர அழிச்சிட்டேன்ல, அதான்” என்றார் சித்தப்பா.

உண்மைதான். நான் அதற்காக மட்டும்தான் அழுதேன்.