தம்பிஐயாவின் சலங்கைக் கார்

காலையில் கண் விழித்ததும் தம்பிஐயா செய்கிற முதல் வேலை, யாருடைய தோட்டத்தில் தண்ணீர் மிஷின் ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. மேற்கே சத்தம் என்றால் கதிரவேலுவின் வெங்காயம். கிழக்கே என்றால் முருகேசுவின் புகையிலை. தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டுத் தன் மொறிஸ் மைனரை அந்தப் பக்கம் விடுவார். வரம்போரம் நிறுத்தி, மிஷின் சில்லுக்கும் தன் டைனமோவுக்கும் ஒரு வாரை மாட்டுவார். அந்தப் பக்கம் பயிருக்குத் தண்ணீர் பாயும்; இந்தப் பக்கம் காருக்குக் கரண்ட் ஏறும்.

சண்டையால் இணுவிலில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகிறது. பெற்றோலும் வருவதில்லை. தம்பிஐயாவின் கார் ஆறு லொறி பற்றறிகளில் ஓடுகிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்தவர் அவர். எண்பத்தாறாம் ஆண்டு, பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்திலேயே, நல்ல எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய மோட்டாரைப் பூட்டினார். ஊர் சிரித்தது. அயல்வீட்டில் இருந்த நானும் சிரித்தேன், அதை ஏன் ஒளிக்க வேண்டும்? ஊரோடு நாங்கள் இடம்பெயர்ந்து இங்கே வந்தபோது அவர் அந்தக் காரில்தான் வந்தார். பற்றறிக்கு விட மழைத்தண்ணீரைப் போத்தல்களில் பிடித்து, தூசு படாமல் மூடி, சாமியறையில் வைத்திருக்கிறார்.

தோட்டத்து மிஷினும் மண்ணெண்ணெய்தானே குடிக்கிறது, இதில் என்ன புதுமை என்று ஒருநாள் கேட்டேன். "மிஷின் வெங்காயத்துக்காகக் குடிக்குது. நான் மிச்சத்தைத்தான் எடுக்கிறன்" என்றார். வாய்க்காலில் தண்ணீர் மெலிகிறது என்று கதிரவேலு முணுமுணுப்பதுண்டு. ஆனால் மிஷின் பழுதானால் திருத்துவதும், வெங்காயத்தைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போவதும் தம்பிஐயாதான் என்பதால் முணுமுணுப்போடு நின்றுவிடும்.

அவருடைய மனைவி நல்லம்மாவின் தமையன் பஞ்சலிங்கத்திடமும் ஒரு கார் இருக்கிறது, ஏ நாற்பது. அது மண்ணெண்ணெயில் ஓடுகிறது. எந்த ஒழுங்கையால் போகிறது என்று புகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஏறி இறங்கினால் உடுப்பெல்லாம் விளக்கு மணம். அதைக் கிளப்புவதற்கு மட்டும் நாலு துளி பெற்றோல் வேண்டும். கண்மருந்துப் போத்தலில் வைத்துச் சொட்டுவார். தம்பிஐயாவின் காருக்குப் புகையில்லை, மணமில்லை, தள்ளத் தேவையில்லை. பன்னிரண்டு மைலுக்கு மேல் போகாது என்பதுதான் ஒரே குறை. அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால், "பதின்மூண்டாவது மைலிலை உமக்கென்ன அலுவல்?" என்று கேட்பார்.

சத்தமில்லாததும் ஒரு கரைச்சலாகப் போயிற்று. பின்னால் கார் வருவது தெரியாமல் சைக்கிளில் போன ஒருவர் திடுக்கிட்டு வேலிக்குள் விழுந்தார். அன்றைக்கே வண்டில் மாட்டுச் சலங்கை ஒன்றை முன்பக்கத்தில் கட்டி, அதன் கயிற்றை உள்ளே இடப்பக்க ஆசனத்தடியில் கொண்டுவந்து விட்டார். அந்த ஆசனம் நல்லம்மாவுக்கு. அது வெறுமையாகவே கிடந்ததால், அவரே சரிந்து எட்டிக் கயிற்றை இழுப்பார்.

வெறுமையாகக் கிடந்ததற்குக் காரணம் போன வருடத் தேர். முதல்நாள் கதிரவேலுவின் தோட்டத்தில் காரின் பெருமையைக் கதைத்த பிராக்கில், வார் கழன்று விழுந்ததை அவர் காணவில்லை. மறுநாள் கோயில் வீதியில், அவ்வளவு சனத்துக்கும் நடுவில், கரண்ட் தீர்ந்து கார் நின்றுவிட்டது. தேர் இழுத்த அதே கைகள் சிரித்துச் சிரித்துக் காரையும் இழுத்தன. தம்பிஐயா இறங்காமல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நல்லம்மா இறங்கி, அர்ச்சனைத் தட்டோடு தனியே வீட்டுக்கு நடந்தார். "இனி உதிலை நான் ஏறமாட்டன்" என்றார். ஒரு வருடம் ஏறவில்லை. எங்கே போவதென்றாலும் அண்ணையின் கார்தான். அந்தப் புகை போகிற திசையைப் பார்த்துக்கொண்டு தம்பிஐயா வாசற்படலையில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். எனக்கே மனம் கேட்காது.

இந்த வருடத் தேருக்கு முதல்நாள் அவர் நாலு மணித்தியாலம் வாருக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். யாரோடும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கதிரவேலு பயந்து, சுகமில்லையோ என்று என்னிடம் விசாரித்தார்.

மறுநாள் காலை பஞ்சலிங்கத்தின் காருக்காக நல்லம்மாவும் நானும் படலையில் காத்திருந்தோம். வரவில்லை. கோயில் மணி கேட்டது. தம்பிஐயா தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"வழியிலை நிண்டால்?" என்று நல்லம்மா கேட்டார்.

தம்பிஐயா ஆசனத்துத் தூசியைக் கையால் ஒருதரம் தட்டிவிட்டார். பிறகு, "நிண்டால் காரை விட்டிட்டு நானும் உம்மோடை நடப்பன்" என்றார்.

நல்லம்மா ஏறினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கோயில் வீதி திரும்புகிற இடத்தில் ஏ நாற்பது நின்றது. மூன்று பேர் பின்னால் தள்ள, பஞ்சலிங்கம் வியர்த்து வழிந்து சுக்கானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கண்மருந்துப் போத்தல் வெறுமையாகிவிட்டது என்பது பார்த்த உடனே விளங்கியது. நாங்கள் வருவது அவருக்குக் கேட்கவில்லை. மச்சானை வெட்கப்படுத்த மனமில்லாமலோ என்னவோ, தம்பிஐயா தெருவையே பார்த்து ஓட்டினார். கயிற்றுப் பக்கம் கை போகவில்லை.

நல்லம்மா அர்ச்சனைத் தட்டை மடியில் ஒதுக்கி வைத்தார். குனிந்து கயிற்றை எடுத்து, அண்ணை நிமிர்ந்து பார்க்குமட்டும் சலங்கையைக் குலுக்கினார்.