யாரும் சாகாத கதைகள்

போன வியாழக்கிழமை மாலை நாலரை மணி. என் அக்கா மகள் தர்ஷினியைக் காணவில்லை.

மருத்துவமனையில் அவளுடைய ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். சாலை எவ்வளவு நெரிசலாக இருந்தாலும், மூன்றேகாலுக்கெல்லாம் ஜெலுத்தோங்கில் இருக்கும் என் ஃபிளாட்டின் கதவு திறந்துவிடும். அன்று திறக்கவில்லை. போன் அடித்தால் ஆஃப்.

தர்ஷினிக்கு இருபது வயது. நர்சிங் இரண்டாம் வருடம். அம்மா அப்பா கடலுக்கு அந்தப் பக்கம், தாசேக் கெலுகோரில். பாலம் தாண்டித் தினமும் வந்து போவது முடியாத காரியம் என்பதால், மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கிறாள்.

பிள்ளையைக் காணோம் என்றால் மற்றவர்களுக்கு முதலில் என்ன தோன்றுமோ தெரியாது. எனக்குத் தோன்றியது, முந்தின நாள் நான் அவளிடம் பேசிய பேச்சு.

விஷயம் இதுதான். வேலை முடிந்து வந்தால் சோபாவில் விழுவாள். டிவியில் ஒரு கார்ட்டூன். பூனை கடை வைத்திருக்கும். ஆமை சாமான் வாங்க வரும். வந்து சேர்வதற்கே பாதி நிகழ்ச்சி முடிந்துவிடும். வாங்கும், போகும். அவ்வளவுதான் கதை! அதையே மறுபடி மறுபடி பார்ப்பாள். டிவி அலுத்தால் பழைய மாத நாவல்கள். அதிலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள்.

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்குப் புத்தகம் சிபாரிசு செய்கிறவள் வீட்டில் இது நடக்கலாமா?

பரிசு வாங்கிய நாவல் ஒன்றைக் கொடுத்தேன். முழுக்க மருத்துவமனையில் நடக்கிற கதை. நர்ஸாகப் போகிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக எதைக் கொடுப்பது? மூன்று வாரம் ஆயிற்று. புதன்கிழமை பார்த்தால், அதன் மேல் அவளுடைய தண்ணீர் போத்தல் உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தேன்.

“மத்தவங்க உயிரைப் பார்த்துக்கப் போற பொண்ணு பார்க்கிறதா இது? மூளை மழுங்கிடும்டி.”

எதிர்த்துப் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “சரி சின்னம்மா” என்று அறைக்குள் போய்விட்டாள்.

அந்த ‘சரி’தான் வியாழக்கிழமை மாலை என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது...

ஐந்து மணிக்கு அவளுடைய வகுப்புத் தோழி ஃபரீனா அழைத்தாள்.

“ஆண்ட்டி, தர்ஷினி வீட்டுக்கு வந்துட்டாளா? போன் ஆஃப்ல இருக்கு.”

“இல்லையேம்மா. ஏன்?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இன்னிக்கு வார்டுல ஒரு பேஷண்ட் இறந்துட்டாரு ஆண்ட்டி. பதினோராம் கட்டில். லோரி ஓட்டுற அண்ணே. பத்து நாளா தர்ஷினிதான் அவருக்குக் கஞ்சி ஊட்டினா. இன்னிக்கு நெஞ்சை அமுக்கினதும் அவதான். டாக்டர் போதும்னு சொல்லிட்டாரு. இவ நிறுத்தல. சிஸ்டர் வந்து கையைப் பிடிச்சு இழுக்க வேண்டியதாப் போச்சு.”

“அப்புறம்?”

“முகம் கழுவிட்டு வந்தா. எனக்கு இந்த வேலை வேணாம்னு சொன்னா. நாங்க எல்லாருமே அப்படித்தானே சொல்வோம்லா... நான் பெரிசா எடுத்துக்கல ஆண்ட்டி.” ஃபரீனாவின் குரல் உடைந்துவிட்டது.

காரை எடுத்தேன். மழை பிடித்துக்கொண்டது. மருத்துவமனை எதிரே பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். இல்லை. மனசு சரியில்லாவிட்டால் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போவாள் என்ற நினைப்பில் அங்கே ஓடினேன். படிக்கட்டில் வெள்ளைச் சீருடை ஏதாவது தெரிகிறதா என்று கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். நனைந்துகொண்டே இறங்கிய இரண்டு பெண்களைத் தவிர யாருமில்லை.

அப்போது பார்த்து அக்காவின் போன்.

“பாப்பா வந்துட்டாளாடி? லைன் கிடைக்கல.”

“குளிச்சிக்கிட்டு இருக்காக்கா. அப்புறம் பேசச் சொல்றேன்.”

பொய். அதுவும் எவ்வளவு சரளமாக வந்தது!

அடுத்து, கடலோரச் சாலைக்கு வண்டியைத் திருப்பினேன். ஏன் அந்தப் பக்கம் போனேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. கரையோரமாக மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்கப் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். ஓரமாக நிறுத்தி எடுத்தேன். ஓர் ஆண் குரல், மலாயில்.

“நர்ஸ் சீருடை போட்ட பெண் ஒருத்தி. அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் உங்கள் நம்பர் இருந்தது...”

“ஐயோ, என்ன ஆச்சு அவளுக்கு?” என்று தமிழில் கத்திவிட்டேன்.

பிறகு அதையே மலாயில் கேட்டேன்.

“தூங்குகிறாள்” என்றார் அவர்.

டத்தோ கெராமட் சாலையில் ஒரு மின்சாமான் கடை. சுவர் முழுக்கத் தொலைக்காட்சிகள். விற்பனைக்கு வைத்திருந்த மசாஜ் நாற்காலியில், காலைச் சுருட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள் தர்ஷினி. எதிரே இருந்த பெரிய டிவியில் மட்டும் சத்தமில்லாமல் பூனையும் ஆமையும்.

கடைக்காரர் சீனர், என் வயதுதான் இருக்கும். இரண்டரை மணிக்கு வந்தாளாம். பத்து நிமிடம் டிவி பார்க்கலாமா என்று கேட்டாளாம். முகத்தைப் பார்த்துவிட்டு ரிமோட்டையே கொடுத்துவிட்டாராம். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். எழுப்ப அவருக்கு மனசு வரவில்லையாம். கடை மூடும் நேரம் வந்ததால்தான் மடியிலிருந்து விழுந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தேன் என்றார், தப்புச் செய்தவர் போல.

தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு எழுந்தாள்.

“சின்னம்மா! மணி என்ன? ஷிப்ட்டுக்கு லேட்டாயிடுச்சா?”

“இல்லடா. ஏன் நீ வீட்டுக்கு வரல?”

“போன்ல சார்ஜ் இல்ல. வீட்டுக்கு வந்தா டிவி போடணும்னு தோணும். போட்டா நீங்க ஏசுவீங்க.”

நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தேன். அவளே தொடர்ந்தாள்.

“நீங்க குடுத்த புக்கை நாப்பது பக்கம் படிச்சேன் சின்னம்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல வர்ற எல்லாரையும் நான் காலையில பார்த்துட்டுத்தானே வர்றேன்? சாயங்காலமும் அவங்களேவா? இதுல ஆமை வரும், சாமான் வாங்கும், போயிடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னாள்: “அந்த அண்ணே நேத்து என்கிட்ட, கஞ்சி அலுத்துடுச்சு, ரொட்டி சானாய் வேணும்னு கேட்டாரு. நாளைக்குப் பார்க்கலாம்னு சொன்னேன்.”

அப்புறம்தான் அழுதாள். கடைக்காரர் உள்ளே போய் ஏதோ பெட்டியை நகர்த்துகிற மாதிரி சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேண்டியதுதான்.

சோகக் கதை நம்மை ஆழமாக்கும் என்று எத்தனை முறை இதே இடத்தில் எழுதியிருக்கிறேன்! சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு அது சரி. பகல் முழுக்க அந்த ஆழத்தில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு? அவளுக்குக் கரை வேண்டாமா?

வெள்ளி, சனி அவளுக்கு லீவு. வேலையை விடப் போகிறாளா இல்லையா... நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆமையைப் பார்த்தேன். ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன் — கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது.

சனிக்கிழமை இரவு படுக்கப் போனவள் அறை வாசலில் நின்றாள்.

“சின்னம்மா, நாளைக்கு மார்னிங் டியூட்டி. அஞ்சரைக்கு எழுப்பி விடுங்க.”

நாலு மணிக்கே விழித்துக்கொண்டு, ஐந்தரை எப்போது ஆகும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது நான்தான்!