லத்தீனில் 'நீங்க' கிடையாது

தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில், டாக்டர் சீட்டைப் பார்த்து லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. கை சுத்தம்; வாய்தான் கொஞ்சம் நீளம். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும், "கண்ணாடியோட தூங்கினா சட்டம் கோணாம என்ன செய்யும்?" என்று கேட்டுவிடுவாள்.

அந்த வாய் வீட்டு வாசலைத் தாண்டினால் அடங்கிவிடும். லாரி ஓட்டுநர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள் அவள். அவர் பாதி நாள் சாலையில். வீட்டில் அவளும், மூத்தாளின் மகளும்தான். தங்கமான பெண், குறையே சொல்ல முடியாது. "சாப்பிட்டீங்களா?", "போயிட்டு வாங்க", எல்லாமே மரியாதைதான். பெற்ற தாயின் படத்திடம் மட்டும், "நீயே சொல்லும்மா" என்று பேசுவாள். கண்ணாடிக்காரி அதைக் கேட்டுக்கொண்டு துடைத்த அடுப்பையே திரும்பத் துடைப்பாள். அம்மா என்ற பட்டமெல்லாம் அவளுக்கு வேண்டாம். அந்த வாயால் ஒரே ஒரு 'நீ' போதும். ஆனால் மரியாதை தருகிறவளிடம் போய் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று கேட்கவா முடியும்?

மகள் பள்ளியில் லத்தீன் எடுத்திருந்தாள். ஒருநாள் சொற்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"உங்க கடைச் சீட்டுல ஓ.டி., ஓ.எஸ்.னு எழுதுவாங்கல்ல? ஓக்குலுஸ் டெக்ஸ்டெர், வலது கண். ஓக்குலுஸ் சினிஸ்டெர், இடது கண். லத்தீன்தாங்க அது!"

"அடிப்பாவி! அப்ப இத்தனை வருஷமா நான் லத்தீன்லதான் பொழைப்பு நடத்தினேனா?"

மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகவே கண்ணாடிக்காரி மறுநாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். ஆமோ, ஆமாஸ், ஆமாத். நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான். "வந்தேன், வந்தாய், வந்தான் மாதிரி வாலைப் பார்த்தாலே ஆள் தெரியுது. இதுக்கா இவ்வளவு பயம்?" என்றாள். லென்ஸ் தேய்க்கும்போதும் உதடு முணுமுணுத்தது. கடை முதலாளி ஏதோ மந்திரம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

வாய்மொழித் தேர்வு நெருங்கியது. பேசிப் பழக, மகள் கூடத்தில் இருந்து கேள்வி கேட்பாள், இவள் சமையலறையில் இருந்து பதில் சொல்ல வேண்டும்.

"வோஸ் ஊபி எஸ்திஸ்?" நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

கண்ணாடிக்காரி கூடத்துக்கே வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"என்னங்க தேடறீங்க?"

"வோஸ்னா பல பேராச்சே. வேற யாரு வந்திருக்காங்கன்னு பார்த்தேன்."

"மரியாதைக்குச் சொன்னேங்க."

"லத்தீன்ல அப்படி ஒண்ணு இல்லையேடி. ராஜாவா இருந்தாலும் ஒத்தை ஆளுன்னா 'தூ'தான், 'நீ'தான். நீதானே படிச்சுக் காட்டினே? தேர்வுல மார்க் போயிடும்."

மகள் முகம் சிவந்தது. "உங்களைப் பார்த்து எப்படிங்க 'தூ'ன்னு சொல்றது? துப்புற மாதிரி இருக்கு."

"சும்மா துப்பு. லத்தீன்ல துப்பினா ஈரமாகாது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பு மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள்.

கூடத்தில் சிரிப்பு ஓய நேரம் பிடித்தது. பிறகு மெல்லக் குரல் வந்தது. "தூ ஊபி எஸ்?"

நீ எங்கே இருக்கிறாய்?

பாடம்தான், வெறும் பாடம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இங்கே இருக்கிறேன் என்பதற்கு 'ஹீக் ஸும்' என்று சொல்ல வேண்டும். "ஹீக்" என்றாள். அதற்குமேல் குரல் எழவில்லை. மறுபடி முயன்றாள். "ஹீக்..."

மகள் செம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"விக்குதா? இந்தா, தண்ணி குடி. மெதுவா குடி."

விக்கல் இல்லை என்று கண்ணாடிக்காரி சொல்லவில்லை. செம்புத் தண்ணீர் முழுவதையும், மெதுவாக, குடித்தாள்.