ராகு காலமும் டாக்டர் இல்லாத ஊரும்

என்னைக் கேலி செய்ய வேறு விஷயம் கிடைக்காத நாட்களில் என் கணவர் அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் எடுப்பார். எத்தனை விருந்தில் சொன்னாலும் அவருக்கு அலுக்காது. இந்த ஒரு தடவை நானே சொல்லிவிடுகிறேன்.

2003இல் நியூஜெர்சியில் குழந்தை மருத்துவப் பயிற்சியை முடிக்கும் கட்டத்தில் இருந்தேன். என் விசாவில் ஒரு கொக்கி உண்டு. பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் இந்தியாவில் போய் இருந்துவிட்டுத்தான் மறுபடி வேலைக்கு வர முடியும். தப்பிக்க ஒரு வழி, டாக்டரே கிடைக்காத சின்ன ஊர் ஒன்றில் மூன்று வருஷம் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுப்பது. அப்படிச் செய்தால் அங்கிருந்தே கிரீன் கார்டுக்கும் வழி உண்டு. கணவருக்கோ கம்ப்யூட்டர் வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு ஊர். டெக்சாஸில், டல்லாஸிலிருந்து மேற்கே ஐந்து மணி நேரம். ஒரு சிக்னல், ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலாபக்கமும் பருத்திக் காடு. முதல் நாள் டல்லாஸை ஒட்டிய ஆலனில் நண்பர் வீட்டில் தங்கினோம். தெருவெல்லாம் நம் ஆட்கள், ஃபிரிட்ஜ் நிறைய இட்லி மாவு. மூன்று வருஷத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு ஆலனுக்கே வந்துவிடுவது என்று மறுநாள் காரில் முடிவு செய்தோம். அங்கே வாங்கப்போகும் வீட்டில் கராஜ் இரண்டு காருக்கா மூன்று காருக்கா என்பதில் மட்டும் சண்டை.

ஈரோட்டிலிருந்து அம்மா முன்பே ஃபோனில் எச்சரித்திருந்தார். "கண்ணு, செவ்வாக்கெழமை மூணுல இருந்து நாலரை ராகு காலம். அந்த நேரத்துல போய்க் கையெழுத்துப் போட்றாத. நெலைக்காது." நான் நாலு எழுத்துப் படித்த டாக்டர்தான். ஆனாலும் ராகு காலம் என்றால் எனக்குப் பயம். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

சந்திப்பு மூன்று மணிக்கு. இரண்டரைக்கே போய் வலது காலை உள்ளே வைத்துவிடுவது என் திட்டம். வழியில் ஒரு கூட்ஸ் வண்டி குறுக்கே வந்து நகர மாட்டேன் என்று நின்றது. கிளினிக் வாசலை அடைந்தபோது மணி மூன்று ஐந்து.

வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கிளினிக்கை நடத்தும் குழுவினர். பெரிய தொப்பி வைத்த பெரியவர்கள், மடக்கு மேஜை, அதன்மேல் கேக். என் பெயரைக் கிட்டத்தட்டச் சரியாக எழுதிய வரவேற்புத் துணி. ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"திருப்புங்க," என்றேன்.

"என்னது?"

"காரைத் திருப்புங்க. ராகு காலம்."

"அடிப்பாவி, அவங்க நம்மளப் பாத்துட்டாங்க!"

"பாக்கட்டும். நாலரைக்கு வந்துக்கலாம்."

நல்ல மனிதர், திருப்பினார். ஆட்டிய கை அந்தரத்தில் நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஃபோன் செய்து ஏதாவது சொல்லலாம் என்றால் செல்லில் சிக்னலே இல்லை. ஊருக்கு வெளியே பருத்திக் காட்டோரம் காரை நிறுத்தினோம்.

"உன் ராகு ஈஸ்டர்ன் டைமா, சென்ட்ரல் டைமா?" என்றார். "காலண்டர் நியூஜெர்சியில பிரிட்ஜ்வாட்டர் கோயில்ல வாங்கினது. இங்க ஒரு மணி நேரம் பின்னாடி. அந்தக் கணக்குல மூணரைக்கே முடிஞ்சிடும்."

"ராகுவுக்கு எல்லா ஊர்லயும் லோக்கல் டைம்தான்."

சிரித்தோம். பிறகு அவர் மெதுவாக, "இந்த ஆஃபர் போச்சுன்னா ஊருக்கு பேக் பண்ண வேண்டியதுதான், தெரியுமில்ல?" என்றார். தெரியும். அதற்குப் பிறகு நாலரை வரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு முப்பத்தொன்றுக்குப் போனபோது கேக்கும் இல்லை, துணியும் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி மட்டும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். கிளினிக்கின் மேலாளர். ஃபோனில் என்னைப் பேட்டி எடுத்தவர். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"வழி தவறிவிட்டீர்களா?" என்றார்.

என் கணவர் ஆமாம் சொல்ல வாயெடுத்தார். எனக்குப் பொய் வராது. எங்கள் வழக்கத்தில் அது ஆகாத நேரம், அதனால்தான் திரும்பினேன் என்று உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு முன்னால் வந்த இரண்டு டாக்டர்களும் ஊர் முனை பெட்ரோல் பங்க்கிலிருந்தே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள்," என்றார். "நீங்கள் வாசல் வரை வந்து திரும்பியதைப் பார்த்ததும் யாருக்கும் மனம் சரியில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்கள். சரி, ஆகாத நேரத்தில் ஆரம்பித்தால் என்ன ஆகும்?"

"நிலைக்காது."

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "அப்படியென்றால், இது நிலைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் வெயிலில் காத்திருந்தீர்களா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே ஓடிவிட்டார். ஃபோனில் அவர் போட்ட சத்தம் வெளியே கேட்டது. "திரும்பி வந்துவிட்டாள்! கேக்கை எடுத்துக்கொண்டு வா!"

ஒவ்வொரு பிக்கப் டிரக்காக வந்து நின்றது. கேக்கில் ஒரு மூலை ஏற்கெனவே காலியாகியிருந்தது. கை ஆட்டிய பெரியவர் பேனாவை நீட்டும் முன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "இப்போது பரவாயில்லையா, டாக்டர்?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். எல்லோரும் கை தட்ட, கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவிலும் எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் நிலைக்க வேண்டும் என்று நினைத்தது என் விசாவை. அவர்கள் தங்கள் ஊரில் நான் நிலைப்பதை என்று எடுத்துக்கொண்டார்கள். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. எழுதிக் கொடுத்த மூன்று வருஷமும் தாண்டி, ஆறு வருஷம் கழித்து, அதே கிளினிக்கில் உட்கார்ந்து கிரீன் கார்டு வந்த உறையைப் பிரித்தபோதும் வரவில்லை.