வாட்டு மாடியில் வரைந்த கப்பல்

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் படித்தவர் யாராவது எழுதட்டும் என்றேன். கூடப் பிறந்தவள்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். கொழுந்து பறிக்கிற கை. தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இலங்கையில், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவர் இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. தோட்ட வேலைக்குப் பேர் பதியாமல் திருகோணமலைக்குப் போய்ப் படகு கட்டும் பட்டறையில் தச்சு வேலைக்குச் சேர்ந்தார். கை சுத்தம் என்று பார்த்து, சில வருடத்தில், கட்டப்போகிற கப்பலை முதலில் வரைகிற வேலைக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே ஒரு வெள்ளைக்காரருக்காக அண்ணன் பாய்க்கப்பல் ஒன்று வரைந்துகொண்டிருந்தார். எல்லாம் மரம். பழைய காலத்து அமைப்பு. இரண்டு பாய்மரம், நீளமான அடிக்கட்டை. காற்றை மட்டும் நம்பி மாதக்கணக்கில் நடுக்கடலில் போகிற மாதிரி. பாதி வரைந்திருந்தார். அப்போது, ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகச் சொல்லி எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது.

அம்மா கடிதம் போடச் சொன்னார். நான்தான் எழுதினேன். நீ வராவிட்டால் அம்மா கப்பல் ஏற மாட்டாராம் என்று எழுதினேன். அண்ணன் வந்துவிட்டார். வரைந்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

தலைமன்னாரில் ஏறினோம். அன்று காற்று அதிகம். தளத்தில் படுத்திருந்த அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டார். அண்ணன் இரண்டு டிரங்குப் பெட்டிகளை இழுத்துப் போட்டு நடுவில் அம்மாவைக் கிடத்தினார். உருளுவது நின்றது.

மண்டபம் முகாமில் நாலு மாதம் இருந்தோம். பிறகு கோத்தகிரிப் பக்கம் இந்தத் தோட்டம். எனக்குக் கொழுந்து வேலை. அண்ணனுக்கு ஃபாக்டரியில் தச்சு வேலை. தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிப்பது, கதவு, ஜன்னல். இரண்டாவது மழைக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தார். அடுத்த தையில் அண்ணனுக்குக் கல்யாணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் சில்வர் ஓக் கட்டையில் ஒரு கப்பல் செதுக்கினார். நெடுக இரண்டாகப் பிளந்தது போல ஒரு பக்கம் மட்டும். அதைச் சுவரில் மாட்டினார். பக்கத்து வீட்டுப் பாக்கியம் வந்து பார்த்தாள். அவளும் எங்களோடு வந்தவள்தான்.

"என்னாங்கண்ணே, பாதிக் கப்பல்தான் இருக்கு? மீதிய சிலோன்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் புள்ள. ஒரு பக்கம் சரியா இருந்தா போதும்."

குன்னூரில் ஒரு ஐயா இருக்கிறார். கப்பல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பாய்க்கப்பல் ஒன்று கட்டி, மனைவியோடு கடலைச் சுற்ற வேண்டும் என்பது அவருக்கு ஆசை. தூள் வாங்க வந்த இடத்தில் அண்ணன் செதுக்கியதைக் கேள்விப்பட்டு லயத்துக்கே வந்துவிட்டார். வெகு நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒன்று வரைந்து கொடுப்பீர்களா என்று கேட்டார். அண்ணன் உடனே சரி என்றார். அவர் எதற்கும் உடனே சரி சொல்கிறவர் இல்லை.

காகிதத்தில் வரைய இரண்டு வருடம் ஆனது. எத்தனை பேர், எத்தனை நாள் தண்ணீர், எவ்வளவு அரிசி என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். கனமானதெல்லாம் அடியில். தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் கீழே. படுக்கையில்தான் சண்டை வந்தது.

"இன்னும் ஒரு அடி அகலமா வைங்க. எங்க ஊட்டுக்காரம்மா என்னைத் தூக்கிக் கடல்ல போட்டுருவாங்க."

"குறுகலாத்தான் இருக்கணுங்க ஐயா. அகலமா இருந்தா அலையே உருட்டிவிட்டுரும்."

"இதெல்லாம் எங்கீங்க படிச்சீங்க?"

"எங்கம்மாவப் பார்த்துத்தாங்க."

படுக்கை குறுகலாகவே இருந்தது.

காகிதத்தில் வரைந்தது போதாது. கப்பல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத் தரையில் வரைய வேண்டும். அதைப் பார்த்துத்தான் மரத்துக்கு அச்சுப் பலகை வெட்டுவார்கள். அவ்வளவு பெரிய இடம் ஃபாக்டரியில் ஒன்றுதான். மேலே உள்ள பழைய வாட்டு மாடி. இலையை வாட்டுகிற இடம் அது. கீழே புதிதாக வாட்டுகிற இடம் வந்த பிறகு, இலை அளவுக்கு மிஞ்சினால் மட்டும் மேலே பரப்புவார்கள். ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் அனுமதி கொடுத்தார். அண்ணன் மூன்று மாதம் ஞாயிறுதோறும் பலகைத் தரையில் முட்டி போட்டு வரைந்தார். மெல்லிய ரீப்பர்ச் சட்டத்தை வளைத்து, புள்ளிக்குப் புள்ளி ஆணி அடித்து நிறுத்தி, சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்து, பிறகு ஆணியைப் பிடுங்குவது.

வரைந்து முடித்த வாரம் சனிக்கிழமை, கடற்கரைப் பட்டறையிலிருந்து ஆசாரி வந்து அச்சு எடுப்பதாக ஏற்பாடு. தவறினால் பட்டறை இடம் வேறு படகுக்குப் போய்விடும். ஐயாவுக்கும் வயதாகிவிட்டது. அண்ணனுக்கு இது இரண்டாவது கப்பல். மூன்றாவது வராது என்று அவருக்குத் தெரியும்.

அந்த வாரம் ஃபாக்டரிக்கு இலை வந்து கொட்டியது. புதன்கிழமை அண்ணனைப் பங்களாக் கதவு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். டீமேக்கர் லீவு. மலையிலிருந்து எங்கள் மூன்று பேரை ஃபாக்டரிக்குக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் இந்தப் பக்கத்து ஆள்.

"அம்மிணி, மேல்மாடியச் சுத்தமாக் கழுவிப்போடுங்க. வெள்ளைப் பொட்டு ஒண்ணு இருக்கப்படாது. தூள்ல தெரியும்."

மேலே போனோம். தரை முழுதும் கோடு. குறுக்கும் நெடுக்கும் வளைவும். பாக்கியம் இடுப்பில் கை வைத்தாள்.

"எந்த மகராசி போட்ட கோலம்டி இது? ஒரு புள்ளிகூட நேரா இல்ல."

சிரித்தோம். அண்ணன் ஃபாக்டரியில் கப்பல் வரைகிறார் என்று எனக்குத் தெரியும். கப்பல் படம் என்றால் பாய் இருக்கும், கொடி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது பலகை மாற்றப் போட்ட அளவு என்று நினைத்தேன். தேய்த்துக் கழுவினேன். மத்தியானத்துக்குள் தரை பளிச்சென்று ஆகிவிட்டது. இலையைப் பரப்பினோம்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. அண்ணி என்ன என்று கேட்டார்.

"மேல்மாடிய கழுவிட்டாங்க. கப்பல் போச்சு."

"அண்ணே, நான்தான் கழுவுனேன்" என்றேன்.

"தெரியும். மூல முடுக்கெல்லாம் தேச்சிருக்கு. வேற யாரு?"

அவ்வளவுதான். ஒரு முறை கடிதம் எழுதி அவர் கப்பலைக் கெடுத்தேன். இரண்டாவது முறை கழுவிக் கெடுத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை இலையை இறக்கியதும் அண்ணன் என்னை மேலே கூட்டிப்போனார். டீமேக்கர் வந்து சேர்ந்திருந்தார். அவர் சொல்லி, இரண்டு நாள் மேலே இலை பரப்பவில்லை. அண்ணன் ஜன்னலைத் திறந்தார். வெயில் சாய்வாகத் தரையில் விழுந்தது. முட்டி போட்டு விரலால் தடவினார்.

"நல்லாத்தான் கழுவியிருக்க. சீமாற எடுத்துட்டு வா."

மறுபடி கூட்டச் சொல்கிறார் என்று நினைத்தேன். சீமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, தரையில் ஒரு ஓட்டையில் குத்தி நிறுத்தினார். ஆணி பிடுங்கிய ஓட்டை. தூசி போய்த் திறந்து கிடந்தது. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. நானும் உட்கார்ந்தேன். பாக்கியமும் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

"இது பழைய ஆணி ஓட்ட, துருவேறி இருக்கு. ஈர்க்க உருவிடு" என்பார் அண்ணன். இரண்டு சீமாறு தீர்ந்தது. வெள்ளி மத்தியானம் எழுந்து நின்று பார்த்தேன். ஈர்க்கு ஈர்க்காகக் கப்பல் தெரிந்தது. முதல் தடவையாக எனக்கு அது கப்பல் என்று புரிந்தது. அண்ணன் ரீப்பரை வளைத்து வைத்து மறுபடி கோடு இழுத்தார்.

சனிக்கிழமை ஆசாரி வந்தார். "இதென்ன, முள்ளம்பன்றியா?" என்றார். பிறகு அளந்தார். அச்சு எடுத்துப்போனார்.

கட்டி முடிக்க இரண்டு வருடம். தண்ணீரில் இறக்கும் அன்று அண்ணன் என்னையும் அழைத்துப் போனார். கப்பல் எதுவரை முங்கும் என்று கணக்குப் போட்டு, பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு அடித்திருந்தார். கப்பல் இறங்கியது. ஆடி நின்றது. தண்ணீர் அந்தக் கோட்டில் நின்றது. அண்ணன் அதையே பார்த்தார். ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, முதல் பயணம் நீங்களும் வரணும்."

"வேண்டாங்க ஐயா. ஒரு தடவ கடல் தாண்டுனது போதும்."

அன்றே பஸ் ஏறினோம். திங்கட்கிழமை அண்ணன் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடித்தார்.

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். யாரையும் சிரமப்படுத்தவில்லை. அஸ்தியை ராமேஸ்வரம் கொண்டுபோகலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். கடல் போதும் என்று அவரே சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் பவானியில் கரைத்தோம்.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் கூட இருந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், தூக்கிச் சுமந்தவர்களுக்கும், காரியம் முடியும்வரை பதினாறு நாளும் சமைத்துக் கொண்டுவந்த பாக்கியத்துக்கும், டீமேக்கருக்கும், கடலிலிருந்து திரும்பி வந்து இந்த மலரை அச்சடித்துத் தந்த குன்னூர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பேர் விட்டுப்போனவர்கள் மனதில் வைக்க வேண்டாம்.

இலை கூடினால் இன்றும் மேல்மாடியைக் கழுவுகிறார்கள். போன வாரம் நான்தான் போயிருந்தேன். கழுவினேன். ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன.